வில்லுக்கு முந்திய கோடி

மதுரைச் செல்லூரில் தறி ஓடும் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கோடி என்ற சொல் முதலில் துணியாகத்தான் அறிமுகமாகும். தறியிலிருந்து அறுத்தெடுத்து, இன்னும் தண்ணீர் காணாத துணி கோடி. தீபாவளிக்கு ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்துவது கோடி. வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துவதும் கோடி. கொஞ்சம் வளர்ந்து விளையாடப் போனால் தெருக்கோடி தெரியவரும். பள்ளிக்கூடத்தில் நூறு இலட்சம் ஒரு கோடி என்று சொல்லித் தருவார்கள். இவற்றுக்கெல்லாம் பிறகு, பெரியவர்களின் பேச்சில் இன்னொரு கோடி வரும். "தனுஷ்கோடி போன வருசம் பொறந்தவன்" என்று வயதுக்குக் கணக்குச் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் தனுஷ்கோடி ஓர் ஊராக இல்லை. ஓர் இரவாக இருக்கிறது.

ஊரின் பெயர் ஒரு நிகழ்ச்சியின் பெயராக மாறுவது தமிழில் அரிது. கீழ்வெண்மணி அப்படி ஆனது. தனுஷ்கோடியும் ஆனது. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் இடிந்த தேவாலயச் சுவரும் மணலில் புதைந்த தண்டவாளமும்தான் மனத்தில் எழுகின்றன. ஆனால் இந்தப் பெயருக்கு 1964 புயலுக்கு முன்பு மிக நீண்ட வாழ்வு இருந்தது. அந்த வாழ்வைத் தேடினால் ஒரு புயலை விடப் பெரிய வரலாறு கிடைக்கிறது.

பெயரைப் பிரித்துப் பார்ப்பது எளிது. தனுசு என்பது வில். கோடி என்பது நுனி. வடமொழியில் இந்தத் தொடருக்கு வில்லின் முனை என்பதுதான் நேர்ப்பொருள். அம்மொழியில் கோடி என்ற சொல் வில்லின் வளைந்த நுனியையும், எதன் கடைசி எல்லையையும் குறிக்கும். எண்ணிக்கையின் எல்லை என்ற கருத்திலிருந்துதான் நூறு இலட்சத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. ஸ்காந்த புராணத்தைச் சார்ந்த சேது மாகாத்மியம் பெயருக்குக் கதையும் தருகிறது. இலங்கைப் போர் முடிந்து திரும்பும்போது, கடலில் கட்டிய இந்தச் சேது அணை இப்படியே இருந்தால் யார் வேண்டுமானாலும் கடந்து வருவார்களே என்று விபீடணன் வேண்ட, இராமன் தன் வில்லின் நுனியால் அணையை உடைத்தான். நுனி பட்ட இடம் தனுஷ்கோடி. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. கோதண்டமும் வில்தான். ஆக, அந்த நிலமுனை முழுவதும் வில்லின் பெயராலேயே கட்டப்பட்டதுபோலத் தோன்றும்.

நான் இந்தக் கதையை மதிக்கிறேன். நாடெங்கிலுமிருந்து மக்கள் பல நூற்றாண்டுகளாகச் சேதுவில் நீராட வந்ததும், சேதுவின் மணலைக் கங்கைக்குக் கொண்டுபோய்க் கரைத்ததும், கங்கை நீரை இராமநாதருக்குக் கொண்டுவந்ததும் இந்தக் கதையின் மேல் நின்றவைதான். ஆனாலும் பெயரின் வயது கேட்டால், வில் பின்னால் வந்தது என்றே எனக்குப் படுகிறது.

அதற்கான சாட்சி ஒரு மதுரைக்காரர். பெயர் மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார். அகநானூற்றில் எழுபதாம் பாட்டு அவருடையது. காதலைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த அலர், திருமணம் உறுதியானதும் சட்டென்று அடங்கிவிட்டது என்று தோழி சொல்கிறாள். அதற்கு அவள் காட்டும் உவமையில் ஓர் ஊர் வருகிறது. பாண்டியரான கவுரியருடைய மிகப் பழைய கோடி. அங்கே கடல் இரைகிற துறையில் விழுதுகள் பல இறங்கிய ஓர் ஆலமரம். இராமன் அங்கே மறைபொருளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒலித்துக்கொண்டிருந்த அந்த மரம் ஓசை அடங்கி நின்றது. பறவைகளின் ஆரவாரம் அடங்கியது என்று உரைகாரர்கள் விரிப்பார்கள்.

இந்தப் பாட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இராமன் இருக்கிறான். கடல் இருக்கிறது. ஆலமரம் இருக்கிறது. அணை பற்றிப் பேச்சில்லை. வில்லால் அதை உடைத்த கதை இல்லை. ஊரின் பெயர் வெறும் கோடிதான். அதிலும் அந்தப் புலவரே அதைப் பழையது, முதியது என்று இரட்டித்துச் சொல்கிறார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவருக்கே அது பழைய ஊர். இராமன் கதை வந்து சேர்ந்த பிறகும் அங்கே கோடி என்ற பெயர் தனியாகவே நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்தக் கோடி இது இல்லை, வேதாரணியம் பக்கத்துக் கோடிக்கரை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. கோடிக்கரை சோழநாட்டுக் கடற்கரை. பாட்டோ பாண்டியருடைய கோடி என்கிறது. மதுரைப் புலவர் ஒருவர் தம் மன்னர்களின் துறையைச் சோழநாட்டில் கொண்டுபோய் வைத்திருக்க மாட்டார். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இடம் ஒன்றாகிவிடாது என்பதை எங்கள் ஊர்ப்பெயரே கற்றுத்தரும். அகநானூற்றில் செல்லூர் என்று ஓர் ஊர் வருகிறது. கோசரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த ஊரைக் கீழைக் கடற்கரைப் பக்கம் வைத்துத்தான் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். வைகையின் வடகரையில் கண்மாயை ஒட்டியிருக்கும் எங்கள் செல்லூர்க்காரர்களுக்கு அந்தப் பாட்டைப் படிக்கும்போது பெருமை பொங்கும். உரிமை கொண்டாட முடியாது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க நிலநூலார் இந்தக் கடற்பகுதியில் கோரி என்று ஒரு பெயரைக் குறித்திருக்கிறார். அந்தக் கோரி நம் கோடிதான் என்று கால்டுவெல் கருதினார். டகரம் கிரேக்கர் காதில் ரகரமாக விழுவது வியப்பில்லை. தாலமியிடமும் வில் இல்லை.

அப்படியானால் தமிழில் கோடி என்றால் என்ன? கோடுதல் என்றால் வளைதல். நீதி வழுவாத மன்னனின் கோல் கோடாத கோல். யானையின் தந்தம் கோடு, மாட்டின் கொம்பு கோடு, மரக்கிளை கோடு, மலைமுகடு கோடு, குளத்தின் கரையும் கோடு. வளைந்து போய் முடிகிற எல்லாமே இந்தச் சொற்குடும்பத்தில் அடங்கும். இராமேசுவரத்தில் இன்றும் வேர்க்கோடு என்று ஒரு பகுதி இருக்கிறது. தெருக்கோடியும் கடைக்கோடியும் நம் வாயில் தினமும் புழங்குகின்றன. பாம்பன் தீவை வரைபடத்தில் பாருங்கள். மேற்கே அகன்று, தென்கிழக்கே மெல்லிய வாலாக வளைந்து இலங்கையைப் பார்த்து நீண்டு போய்க் கடலில் முடிகிறது. அந்த வளைந்த முடிவைப் பார்த்த ஒரு மீனவனுக்குக் கோடி என்ற பெயர் தோன்ற எந்தக் கதையும் தேவைப்பட்டிருக்காது. வடமொழியிலும் அதே ஒலியில், வளைந்த நுனி என்ற அதே பொருளில் ஒரு சொல் இருந்தது, அது பெயரை எளிதாகப் பெரிதாக்கிவிட்டது. இரு மொழிச் சொற்களுக்கும் உறவு உண்டா என்பது நீண்ட வழக்கு. இந்த ஊரைப் பொறுத்தவரை எது முதலில் நின்றது என்பதைக் கடுவன் மள்ளனார் சொல்லிவிட்டார். துணியைக் குறிக்கும் எங்கள் கோடி மட்டும் ஒலியால் ஒன்றுபட்டு நிற்கும் வேறு சொல்.

கோடிக்கரையைச் சொன்னேன். அங்குள்ள குழகர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். கோடிக்குழகர் என்றே இறைவனின் பெயர். பக்கத்தில் குடிகள் யாரும் இல்லாமல், கடற்காற்று வந்து மோதும் கரையில், இப்படித் தனியாக இருக்கிறாயே என்று அவர் இறைவனிடம் மனம் நொந்து கேட்கிறார். தேவாரத்தில் இப்படி ஒரு பதிகம் வேறு இல்லை என்று நான் நினைக்கிறேன். எட்டாம் நூற்றாண்டிலும் கோடி என்றால் காற்றும் தனிமையும்தான். பாக்கு நீரிணையின் வடக்கே ஒரு கோடி, தெற்கே ஒரு கோடி. இங்கே நிலம் கோடியில் முடிந்தால், கடலுக்கு அந்தப் பக்கம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் மன்னார்த் தீவு தலைமன்னாரில் தொடங்குகிறது. ஒரு கரையில் தலை, மறு கரையில் கோடி. இரு கரைக்கும் ஒரே மொழியில், ஒரே கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவே இருப்பது எல்லை என்ற நினைப்பு அந்தப் பெயர்களில் இல்லை.

அந்த ஒற்றுமைக்கு இன்னொரு சான்று சேது என்ற சொல். இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுவைக் காத்ததால் சேதுபதிகள். மறுகரையில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் சேது என்று தமிழில் பொறித்தார்கள். ஒரே சொல்லை இரண்டு அரசுகள் தங்கள் அடையாளமாக வைத்திருந்தன. மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டார்கள். சேதுராமன், சேதுபதி, இராமநாதன், கோதண்டராமன், தனுஷ்கோடி. பிள்ளை வரம் வேண்டிச் சேதுவில் நீராடிப் பெற்ற மகனுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். சாத்தூர்ப் பக்கத்து எழுத்தாளர் தனுஷ்கோடி ராமசாமியும், திருநெல்வேலி அரசியல்வாதி தனுஷ்கோடி ஆதித்தனும் இந்தப் பெயரை நாடறியச் செய்தவர்கள். மதுரையிலும் அறுபது தாண்டியவர்களில் தனுஷ்கோடிகளும் தனுக்கோடிகளும் உண்டு. இளைஞர்களில் தனுஷ் நிறைய இருக்கிறார்கள்; கோடியை விட்டுவிட்டார்கள். எஞ்சியிருப்பது வில் மட்டும்.

பெயர் உலகறிந்தது 1914இல். அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு சேரலாம். மக்கள் இதைப் போட் மெயில் என்றார்கள். கடைசிக் காலத்தில் ஓடிய கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று ஆங்கிலேய ஆட்சியாளர்களின் பெயர்கள். ரயில் நிலையம், சுங்கச்சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம், தங்கும் விடுதிகள் என்று மணல்முனையில் ஒரு முழு ஊர் எழுந்தது. கால அட்டவணையில் தனுஷ்கோடி என்று அச்சான அன்றிலிருந்து பெயர் தீர்த்தத்திலிருந்து துறைமுகத்துக்கு மாறியது. ஐம்பது ஆண்டுகள் அது போகும் இடத்தின் பெயராக இருந்தது. வியாபாரிகள், தோட்டத் தொழிலாளர்கள், படிக்கப் போனவர்கள், பெண் கொடுத்து எடுத்தவர்கள், எல்லோருக்கும் அது வாசல்.

1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. 19ஆம் தேதி கடும்புயலாக வலுத்து, பிறகு ஏறக்குறைய நேராக மேற்கு நோக்கி வந்தது. 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கம் நிலத்தைக் கடந்து பாக்கு நீரிணையில் இறங்கியது. அன்று நள்ளிரவில் தனுஷ்கோடியை அடித்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அலை ஏழு மீட்டர் எழுந்தது. இருபுறமும் கடல், நடுவே ஆள் உயரத்துக்குமேல் மேடில்லாத மணல். பாக்கு நீரிணை ஆழமில்லாதது. காற்று தள்ளும் நீர் கீழே இறங்க இடமில்லாமல் மேலேதான் ஏறும். பாம்பனிலிருந்து இரவு 11.55க்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில் இருட்டில் நின்றது. கணக்கில் வந்த 115 பேரும் ரயிலோடு போனார்கள். சீட்டில்லாமல் ஏறியவர்கள் கணக்கில் இல்லை. இரு கரையிலுமாக இறந்தவர்கள் 1,800க்குக் குறையாது என்பார்கள். பாம்பன் பாலத்தின் 126 இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த ஈ.ஸ்ரீதரன் 46 நாளில் அதை மீட்டு நிறுத்தினார். தனுஷ்கோடி வரை போன இருப்புப்பாதையை யாரும் மீட்கவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

இலங்கை மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அந்த ஆண்டு அக்டோபர் 30இல்தான் கையெழுத்தானது. மலையகத்திலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் தாய்நாடு என்று சொல்லப்பட்ட இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டபோது, அவர்களின் பாட்டனார்கள் போன துறை இல்லை. இராமானுஜம் என்ற கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கியது. போன வழி தனுஷ்கோடி, வந்த வழி இராமேசுவரம். அந்தத் தலைமுறையின் நினைவில் பெயர் இப்படி இரண்டாக அறுந்திருக்கிறது.

இனிப் பெயருக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். பழந்தமிழில் புயல் என்றால் மேகம். மழை தரும் கருமேகம், மக்கள் வேண்டி நின்ற மேகம். பிற்காலத்தில் அச்சொல் அழிக்கும் காற்றின் பெயராகிவிட்டது. சூறாவளி அப்படி மாறவில்லை; சூறையாடும் வளி என்று தொடக்கத்திலிருந்தே வெளிப்படையாக நிற்கும் சொல். மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடிகள் தங்கள் புயலுக்கு வைத்திருந்த சொல் ஸ்பானியர் வழியாக உலகெங்கும் ஹரிக்கேன் ஆனது. நம் வங்கக்கடல் புயலுக்குச் சைக்ளோன் என்ற பெயரை, பாம்பின் சுருளை நினைத்துக் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் உருவாக்கியவர் கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன். எல்லாமே வகையின் பெயர்கள். ஒவ்வொரு புயலுக்கும் தனிப்பெயர் வைக்கும் வழக்கம் வட இந்தியப் பெருங்கடலில் 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு வந்த புயல்களுக்குப் பெயரில்லை. பெயரில்லாத புயல் தான் அடித்த ஊரின் பெயரை எடுத்துக்கொண்டது. 1977இல் வந்தது நாகப்பட்டினம் புயல். 1964இல் வந்தது தனுஷ்கோடிப் புயல்.

நாகப்பட்டினம் பெரிய ஊர். தன் பெயரை மீட்டுக்கொள்ளும் வலு அதற்கு இருந்தது. கோயிலும் தர்காவும் துறைமுகமும் அந்தப் பெயரைத் தினமும் உச்சரித்தன. தனுஷ்கோடியில் உச்சரிக்க யாரும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே பெயர் புயலிடமே தங்கிவிட்டது. 2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையில் கரை கடந்த புயல் கோடிக்கரைக் காட்டைச் சாய்த்துப் போட்டது. ஆனால் அந்தப் புயலுக்குக் கஜா என்று சொந்தப் பெயர் இருந்தது. கோடிக்கரை இன்னமும் பறவைகளின் ஊராகவும் குழகரின் ஊராகவும்தான் இருக்கிறது. புயலுக்குப் பெயர் வைப்பது எச்சரிக்கைக்கு வசதி என்று வானிலைத் துறையினர் சொல்வார்கள். அடிபட்ட ஊருக்கும் அது காப்பு என்பதைத் தனுஷ்கோடியைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

மதுரையிலிருந்து காலை ரயிலில் ஏறினால் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம். வைகையும் இதே திசையில்தான் வருகிறது. செல்லூருக்குத் தெற்கே ஓடும் அதே ஆறு, வெள்ளம் வந்த ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து, மண்டபத்துக்குப் பக்கம் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. செங்குத்தாக மேலெழும் தூக்குப் பாலத்தோடு கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. தீவுக்குள் 2017 ஜூலையில் இன்னொரு மாற்றம் வந்தது. முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றிருந்த சாலை, தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் நீண்டது. அதற்கு முன்பு மணலிலும் சேற்றிலும் வேன்கள் தள்ளாடிப் போகும். இப்போது கார்கள் வரிசையாகப் போய்த் திரும்புகின்றன. தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019இல் அடிக்கல்லும் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை.

மாலை வரை அங்கே இருந்தால் இரண்டு தனுஷ்கோடிகள் இருப்பது தெரியும். ஒன்று இடிபாடுகளின் தனுஷ்கோடி. பவளக்கல்லால் கட்டிய தேவாலயச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். வழிகாட்டிகளும் காணொளிக்காரர்களும் பேய் நகரம் என்கிறார்கள். இந்தச் சொல் என்னைத் தொந்தரவு செய்கிறது. தமிழில் ஆள் நீங்கிய ஊரைப் பாழ் என்போம், பாழூர் என்போம். வருவாய்த் துறைக் கணக்கில் பேச்சிராக் கிராமம் என்று பாரசீகத்திலிருந்து வந்த ஒரு சொல்லும் உண்டு. விளக்கில்லாதது என்று பொருள். விளக்கு ஏற்ற ஆளில்லை என்ற வருத்தம் அதில் இருக்கிறது. பேய் நகரம் என்பது ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தது. இறந்தவர்களின் ஊரைப் பேயின் ஊராக்குவது நம் வழக்கமில்லை. அங்கே மாண்டவர்களுக்குப் பெயர் இருந்தது, உறவு இருந்தது, அவர்களில் பலருக்குக் கோடி போர்த்தக்கூட உடல் கிடைக்கவில்லை.

இன்னொன்று குடியிருப்பவர்களின் தனுஷ்கோடி. அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். 2017இல் இர்மா புயலுக்குப் பிறகு கரீபியக் கடலில் பார்புடா தீவின் மக்கள் அத்தனை பேரையும் பக்கத்துத் தீவுக்கு அகற்றினார்கள். அவர்களில் பலரும் தங்கள் மண்ணுக்குத் திரும்பினார்கள். கடலை நம்பி வாழ்பவர்கள் எங்கும் ஒன்றுபோலத்தான். தனுஷ்கோடியில் திரும்பியவர்கள் ஓலைக்குடிசை போட்டார்கள். மணலைக் கையால் தோண்டி ஊத்து எடுத்தார்கள். மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரை விட இலேசாக இருப்பதால் அதன் மேலேயே தங்கும். அளவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆழமாகத் தோண்டினால் உவர். எவ்வளவு ஆழம் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். வடக்கே பாக்கு நீரிணை பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். காற்றுக்காலம் மாறும்போது கரைவலையையும் வத்தைகளையும் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மின்கம்பி எட்டாத குடிசைகளில் சூரியத் தகடு விளக்கு எரிகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

சாலையோரம் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், "அக்கா, நீங்க தனுஷ்கோடிதானா?" என்று கேட்டேன். "எங்களுக்கு ஊருன்னா பாலம், கம்பிப்பாடு, இப்படித்தாண்ணே. தனுஷ்கோடின்னா வர்றவுகளுக்கு விளங்கும்னு சொல்லிக்கிறது" என்றார். எண்ணெயில் மீனைத் திருப்பிக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த ஒரு பதில் பல புத்தகங்களுக்கு ஈடாக இருந்தது. புராணமும் ரயில்வேயும் புயலும் எடுத்துக்கொண்ட பெயரை அவர்கள் வெளியாட்களுக்கு விட்டுவிட்டார்கள். தங்களுக்கென்று சின்னப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். கம்பிப்பாடு என்ற பெயரின் பின்பாதியைக் கவனியுங்கள். பாடு என்றால் வலை இழுக்கும் இடம். கிடைக்கும் மீனும் பாடுதான், மீன்பாடு என்கிறோமே அது. உழைப்பும் வரவும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அரிச்சல்முனை. சாலை முடியும் இடத்தில் நான்முகச் சிங்கத் தூண் நிற்கிறது. அதைத் தாண்டி மணல், அதைத் தாண்டி இரு கடலும் ஒன்றில் ஒன்று மோதும் வெள்ளைக் கோடு. அரித்தல் என்ற வினையில் பிறந்த பெயர் இது. முனை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு பருவத்தில் ஆண் கடல் அரித்து வடக்கே மணலைச் சேர்க்கும். மறு பருவத்தில் பெண் கடல் பக்கம் அரிக்கும். கோடி என்று பழையவர்கள் சொன்னது இடத்தின் வடிவத்தை. அரிச்சல்முனை என்று இவர்கள் சொல்வது அந்த இடத்தில் நடக்கும் வேலையை. வில்லின் நுனி என்று சொன்னால் ஒரே நாளில் நடந்து முடிந்த கதை. அரிச்சல் என்று சொன்னால் இன்று காலையும் நடந்துகொண்டிருப்பது.

2025 ஜூன் 5இல் தமிழக அரசு தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும்பூநாரைகளின் சரணாலயமாக அறிவித்தது. கடுவன் மள்ளனாரின் ஆலமரத்தில் இருந்தவை என்ன பறவைகளோ, கோடியின் பெயர் மறுபடியும் பறவைகளோடு சேர்ந்து எழுதப்படுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அரசாணையில் ஒரு பெயர் ஏறினால் வரைபடத்திலும் பாடப்புத்தகத்திலும் ஏறும். அதே கையோடு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை வழிநெடுகப் பாலம், கம்பிப்பாடு என்று குடியிருப்புகளின் பெயர்களைப் பலகையில் எழுதி நட வேண்டும். இன்ன ஊரில் இத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று கீழே சிறிதாக எழுத வேண்டும். காரை நிறுத்தி இடிந்த சுவரைப் படம் எடுக்க வருகிறவர்கள், குடிசைகளின் பக்கம் திரும்பும்போது, யாருடைய ஊருக்குள் நிற்கிறோம் என்பதை அந்தப் பலகையில் படித்துக்கொள்வார்கள்.